இரண்டாம் நிலை

துஸ்லாவில் டிசம்பர் என்றால்
வானம் கிடையாது.
மின்நிலையத்துப் புகையும் மூடுபனியும்
ஒன்றுக்குள் ஒன்று மடிந்து
மலைக்கிண்ணத்தில் கிடக்கின்றன.

நாலாவது மாடி. சமையலறை மேசைக்கடியில்
பக்கத்தகடு கழற்றிய பெட்டி.
உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு,
சராயேவோவில் எவனோ காசு தோண்டிச் சலித்து விற்றது.
மூன்று விசிறி. நடுவில் இருப்பதற்கு இருமல்.

வியன்னாக்காரனுக்கு ஓர் உப்புக்குளம் வேண்டும்,
விளம்பரத்துக்கு.
இருபத்தைந்து வினாடி, அறுநூறு சட்டகம்,
ஒன்றுக்கு ஏழு நிமிடம்.
வெள்ளி பத்து மணிக்குத் தொடங்கினால்
திங்கள் எட்டுக்கு முடியும். அவன் கேட்டதும் எட்டு.
கணக்கு நிற்கிறது.
மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டினால்
கணக்கு படுத்துவிடும்.

ஆகவே அதன் குணத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.
எட்டு என்றால் உறக்கம். பூஜ்யம் என்றால் உச்சம்.
விளையாட்டு ஓடினால் பூஜ்யத்துக்குத் தாவுகிறது,
என் குளத்தைக் கணக்கிடச் சொன்னாலோ
இரண்டில் நின்றுகொண்டு
நினைவகத்தின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது.
யார் வைத்த சட்டமோ!
ஆடுகிறவனுக்கு முழு ஓட்டம்,
பாடுபடுகிறவனுக்கு ஒரு பிடி குறைவு.

பிடித்ததை நான் திருப்பிக் கொடுத்தேன்,
நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக.
எழுநூறில் தண்ணீர் மேல் பச்சைப் புள்ளிகள்,
கொத்தமல்லி கிள்ளிப் போட்டதுபோல்.
அறுநூறில் ஒரே ஒரு இலை.
ஐந்நூறில் சுத்தம்.
மின்னழுத்தத்தையும் ஒரு சொட்டு இறக்கினேன்,
எழுபத்தொரு டிகிரியில் அமைதியானது.
சட்டகத்துக்கு ஆறு நிமிடம் பத்து வினாடி.
எட்டு மணி நேரம் கையில் மிச்சம்!
கீழ்வீட்டு ரெஃபிக்காவின் பூனை
வெந்நீர்க் குழாயைக் கைவிட்டு
என் பெட்டியின் முதுகுப்பக்கம் குடியேறியது.

சனி. ஞாயிறு.
ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.
தூங்கினேன், துணி துவைத்தேன்,
பால்கனியில் சட்டைகள் கரி வாசனையோடு உறைந்தன.
அந்தக் கரியும் ஒருவகையில் என் குளம்தான்,
நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை.

ஞாயிறு, நள்ளிரவுக்குச் சற்று முன்,
அறுநூறாவது சட்டகம் நிறைந்தது.
விசிறி மூச்சுவிட்டது.
திரை கறுத்தது.

அறுபது மணி நேரச் சுமையில் அசையாத ஒன்று
சுமை இறங்கிய அரைநொடியில் விழுந்துவிட்டது.
பிறகுதான் புரிந்தது:
வேலை தீர்ந்ததும் கார்டு
இரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு துள்ளு துள்ளியிருக்கிறது,
அங்கே ஏற்கெனவே இருக்கும் வேகத்தின் தலையில்
என் ஐந்நூறும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

செனாஹித் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்து
காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.
மின்நிலையத்தில் மூன்றாம் அலகு அவன் பொறுப்பு.
"முழுச் சுமையில் டர்பைனுக்கு யாரும் பயப்படுவதில்லை, மெர்சிஹா.
சுமை சட்டென்று அறுந்தால்தான்
வெறிபிடித்துச் சுற்றும்" என்றான்.
விடுப்பு எடுத்த முதல் நாளே
இவனுக்கு வருடா வருடம் காய்ச்சல் வரும்.
அதை நான் சொல்லவில்லை, சூப்பைச் சூடாக்கினேன்.

வட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் பத்திரம்.
கடைசிக் கோப்பு மட்டும்
பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.
ஒரே ஒரு சட்டகம். மறுபடி ஓடவிட்டேன்.
இந்தத் தடவை முடியும் முன்பே
நானூறு, இருநூறு, ஐம்பது என்று
கொடுத்ததை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு
அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து.
எட்டு.
திரையில் காற்றில்லாத குளம்.

பூனை எழுந்து
பெட்டியின் தகட்டை முகர்ந்து பார்த்துவிட்டு
குழாய்க்குத் திரும்பிப் போயிற்று.