கடைசித் தாள் இல்லாத பிரதி

ஈரம் குடித்து உப்பிய புத்தகங்களைக்
கழித்துக்கட்டச் சொல்லித் தீவுக் கவுன்சிலின் கடிதம்.
ஸ்ட்ரோம்னெஸ் நூலகத்தில் அப்படி நாற்பத்தொன்று.
பட்டியலில் பதினேழாவது:
"வடியும் நேரத்து வாசல்."

மாரென் என்றொரு சிறுமி.
ஹெரிங் மீனுக்கு உப்பிடும் கொட்டகையின் பின்கதவை
கடல் முழுக்க வடிந்த கணத்தில் திறந்தால்
இருநூறு வருஷம் பின்னால் போய் விழுவாள்.
அவ்வளவுதான் கதை.

பின்னட்டையின் உட்புறம் யாரோ எப்போதோ
கோடு போட்ட தாளொன்றை ஒட்டி
"படித்தவர் கருத்து" என்று எழுதிவைத்தார்கள்.
அது நிரம்பி, அதன் கீழ் இன்னொன்று,
அதன் கீழ் இன்னொன்று,
அக்கார்டியன் மாதிரி மடிந்து தொங்குகிறது.

தோரா லிங்க்லேட்டர், வயது பத்து, 1974:
"நல்லா இருக்கு. ஆனா நாய் சாகக் கூடாது."
கீழே வேறு மையில்:
"நாய் சாகவில்லை. 88ஆம் பக்கத்தை மறுபடி படி."
அதற்கும் கீழே:
"படிச்சேன். செத்துதான் போச்சு. தோரா."

படகு கேப்டன் ஃபூபிஸ்டர், வயது போடவில்லை:
"ஹோய் மலைக்கு மேல் நிலவு அங்கே நிற்கும்போது
கடல் வடியாது, ஏறும்.
இருநூறு வருஷம் முன்னாலும் ஏறத்தான் செய்திருக்கும்."
ஒரு குழந்தை கதவு வழியே காலத்தைத் தாண்டுவதில்
அவருக்கு ஆட்சேபம் ஏதுமில்லை.

திருமதி ரெண்டல், பள்ளி ஆசிரியை, சிவப்பு மை:
"மூன்றாம் அத்தியாயத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும்
கண்டபடி கலந்துகிடக்கின்றன."
பென்சிலில், மிகச் சின்னதாக:
"பின்னே?"

ஜெஸ்ஸி மோவாட், பதினொன்று:
"வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துபோகுமாம்.
அப்போ நான் எதுக்கு முழுசாப் படிச்சேன்?"

பிறகு 1986, நவம்பர். தாளை அழுத்திக் கிழித்த எழுத்து.
எர்லெண்ட் இஸ்பிஸ்டர், ஒன்பது:
"முடிவு தப்பு. நான் சரி பண்ணிட்டேன்."

ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறான். பிசிறே இல்லை.
இந்தப் பிரதி அன்றிலிருந்து
210ஆம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது:
"அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். மறுபக்கம் யாரோ"

அதற்குப் பிறகு வந்த கருத்துகளின் குரலே வேறு.
"பயமா இருந்துச்சு. லைட்டை அணைக்கல."
"மறுபக்கம் நிக்கிறது அவளேதான்."
"இல்ல, நாய்."
"எங்க தோட்டத்து ஷெட்டைத் திறந்து பார்த்தேன்.
புல் வெட்டுற மெஷின்தான் இருந்துச்சு.
நாளைக்கும் பார்ப்பேன்."
சன்னிவா ஃப்ளெட் என்பவள்
211ஐத் தானே எழுதி, மடித்து, சொருகியிருக்கிறாள்.
அதை யாரும் வெட்டவில்லை.

நான் கிர்க்வாலிலிருந்து முழுப் பிரதி வரவழைத்தேன்.
நின்றபடியே 211ஐப் படித்தேன்.
மூடினேன்.
ஒன்பது வயதுக்கு அவனுக்கு நல்ல கை.

போன வியாழன் பாய்லர் பார்க்க வந்தவர்
ரசீதில் இ. இஸ்பிஸ்டர் என்று கையெழுத்திட்டார்.
நரைத்த தாடி, முழங்கால் வலி.
தாளை விரித்துக் காட்டினேன்.
காது சிவந்தது.
"வெட்டியது ஞாபகமிருக்கிறது" என்றார்,
"எதை வெட்டினேன் என்றுதான்..."
ஸ்பானரைக் கைமாற்றிக்கொண்டார்.
"எப்படித்தான் முடிந்தது அது?"

கிர்க்வால் பிரதி திரும்பிப் போய்விட்டது என்றேன்.
மேஜையின் இரண்டாம் இழுப்பறையில் இருந்தது.

கவுன்சில் படிவத்தில் பதினேழாவதை அடித்துவிட்டேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
"பயன்பாட்டில் உள்ளது" என்று போட்டேன்.
மூன்றாம் தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம்.
பென்சிலைச் சீவி,
தோரா, நீ சொன்னதுதான் சரி என்று எழுதினேன்.
அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதிவிட்டு
குழந்தைகள் அலமாரியில், கை எட்டும் உயரத்தில்
மறுபடி வைத்தேன்.