முப்பத்தாறு புள்ளி நாலு

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு ரயில். எண்ணி முடிப்பதற்குள் மறந்துபோகிற நீளம்.
ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒரு பால் கவர்,
கவருக்குள் முட்டை ஓடு.
பக்கத்து ஆள் மோந்து பார்த்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று ராத்திரி சிவபாக்கியம் அக்காவின் அத்தோ கடையில்
நான் உரித்ததில் ஒரு கைப்பிடி இது.
அக்கா நூடுல்ஸ் பிசைகிற வேகத்துக்கு
சூடு ஆறாத முட்டையை உரித்து, வயிற்றைக் கீறி,
பொரித்த வெங்காயம் திணித்து, பூண்டெண்ணெய் விட்டு
நீட்ட வேண்டும்.
"இன்னாடி எழிலு, குப்பய கட்டிக்கினு போற?"
"காலேஜுக்கு."
"அங்க குப்பயும் கேக்கறாங்களா?"

கழுவு, காயவை, இடி, சலி.
உள்தோலை உரி என்கிறது ரெக்கார்டு நோட்டு.
பாதி உரிந்தது.
அரை கிராம் நிறுக்கையில் தராசு நடுங்க,
தேசிங்கு அண்ணன் ஃபேனை நிறுத்தினார்.
வியாசர்பாடி வெயில்
உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது.

இருபத்தைந்து மில்லி அமிலம்.
தூள் சீறியது, சோடா உடைத்த மாதிரி.
ஏதோ ஒரு நாமக்கல் கூண்டில்
கோழி கொத்தித் தின்ற சுண்ணாம்பு
நுரைத்து நுரைத்து அடங்கியது.
சூடாக்கி ஆறவைத்தேன்.

சுண்ணாம்பு எவ்வளவு என்று ஓட்டையே கேட்க முடியாது.
அமிலத்தை அதிகமாகவே கொடுத்துவிட்டு,
தின்றது போக மிச்சத்தை அளக்க வேண்டும்.
எனக்கு இது புதுசா என்ன?
கடை சாத்தும்போது அக்கா தட்டைப் பார்ப்பாள்.
நாலு தட்டு வந்தது, ஆறு மிச்சம்,
நூற்றிப்பதினாலு போச்சு.
கணக்கு நோட்டு கிடையாது.
புருசன் சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையை எண்ணி
அவன் எங்கே போய்வந்தான் என்றும் சொல்வாள்.

பியூரெட்டில் காரம்.
கடையில் காரம் என்றால் மிளகாய்த்தூள்.
இங்கே சோடியம் ஹைட்ராக்சைடு, நிறமே இல்லை.
சொட்டு. சுழற்று.
ரோஜா நிறம் வரும், போகும்.
சொட்டு. சுழற்று. வரும்,
நூருன்னிசா ஹால் டிக்கெட் பற்றி ஏதோ கேட்டாள்,
குடுவை பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டது.
கொட்டினேன்.
இரண்டாவது முறை முப்பத்தாறு புள்ளி நாலு.
மூன்றாவது முறையும் அதே முப்பத்தாறு புள்ளி நாலு.

கழித்து, இரண்டால் வகுத்து, நூறால் பெருக்கினால்
சுண்ணாம்பு எண்பத்தெட்டு புள்ளி ஆறு சதவீதம்.
மேசைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் தொண்ணூற்று நாலு.
எல்லா முட்டையும் ஒரே கோழி இட்டதுபோல.
"சீனியர் ரெக்கார்டுல அதான் இருக்கு. போட்டுக்கோ."
பென்சிலால் போட்டேன்.
அழித்தேன். அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்தது.
அதன்மேல் பேனாவால் எழுதினேன், எண்பத்தெட்டு புள்ளி ஆறு.

ரெபேக்கா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"மீதி பதினொண்ணு புள்ளி நாலு எங்கம்மா?"
"உள்தோல், மேடம்."
பொய்யில்லை.
பூண்டெண்ணெயைச் சொல்லவில்லை.
பார்சல், பார்சல் என்று தலைக்குமேல் நீண்ட
ஹார்பர் ஷிப்டுக்காரர்களின் கைகளைச் சொல்லவில்லை.
அந்த அவசரத்தில் ஓட்டோடு போன
என் கட்டைவிரல் தோலும்
அரை கிராமில் ஏதோ ஒரு தசமத்தில் இருக்கலாம்.
பத்துக்கு ஏழு போட்டார்.

கழுவப் போனால் குடுவையில் ரோஜா நிறம் காணோம்.
காற்றின் கரியமில வாயு கரைந்தால் வெளுத்துவிடுமாம்.
யார் விட்ட காற்று?
மணலிக்குப் போகிற கண்டெய்னர் லாரியா,
நாலு பெஞ்சிலும் சீறிய ஓடுகளா,
குனிந்து குனிந்து நிறம் பார்த்த நானா?
அதை அளக்கச் சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் கடை.
இன்று வெள்ளிக்கிழமை, ஐந்து தட்டு வரும்.
உரிந்த விரலில் அமிலம் பட்டாயிற்று.
இனி அந்தக் காரம்.