வந்துருச்சா?

சாமிமலை மேல்பிரிவு, ஐந்தாம் லயத்துக் கூரைமேல்
டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
ஒரு டிஷ். மூன்று காம்பராவுக்கு வயர் இழுத்திருக்கிறார்கள்.
"வந்துருச்சா?" என்கிறேன்.
"வரல" என்கிறது மூன்றாம் காம்பரா.
"வந்துச்சு, போச்சு" என்கிறது நான்காவது.
ஐந்தாவது ரொட்டி சுடுகிறது, பதில் இல்லை.

பதினொரு வருசமாக இதுதான் தொழில்.
படம் பார்க்கிறவன் இல்லை நான்,
பார்க்கிறவர்களைக் கேட்கிறவன்.
எந்த நட்சத்திரத்தின் முகமும் சரியாகத் தெரியாது,
யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது
தகரம் தகரமாகத் தெரியும்.

புஷ்பகாந்திக்கு ஞாயிற்றுக்கிழமை காமெடிப் போட்டி ஆகாது.
"ஜோக் முடியிறதுக்கு முன்னாடி அந்த நடுவர் சிரிக்கிறான்.
தராசுக்கிட்ட தொரை பேசறப்ப
நம்ம கணக்கப்பிள்ளை சிரிப்பாரே, அதே சிரிப்பு."
ஒரு வாரமும் விடமாட்டாள்.

அவள் புருசன் மார்க்கண்டனுக்கு
பூரிக்கட்டை பூமிநாதன்தான் பெரிய கலைஞன்.
"அடி வாங்குறது யாருக்கும் வரும்.
வாங்கிட்டு எந்திரிக்க ஒரு நேரம் எடுக்கிறான் பாரு,
அதுக்குத்தான் சம்பளம்."
"மெலிஞ்சிட்டான்" என்கிறாள் ஜெயசீலி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.
"இப்பப் பாத்தா சிரிப்பு வரல.
சீட்டுக் காசு கேக்க வந்தவன் மாதிரி இருக்கான்."

கிரிக்கெட் என்றால் அந்தோணிமுத்து.
ஒரு இடக்கைக்காரன் முக்கியமான கேட்ச் ஒன்றை விட்டுவிட்டானாம்,
பிறகு பால்மா விளம்பரத்தில்
பறந்து போய்ப் பிடிக்கிறானாம்.
"அம்பது கிலோ உரத்த மழையில ஏத்தத்துல கொண்டு போறேன்,
ஒருநாள் கீழ போட்டிருப்பனா?
அது அஞ்சரை அவுன்ஸு!"
அந்தப் பால்மாதான் அவர் வீட்டு அலுமாரியிலும்.

இன்று புது நாடகம். கொழும்பில் எடுத்தது,
தேயிலைத் தோட்டத்துக் காமெடி என்று
ஒரு வாரமாக விளம்பரம்.
கீழே சத்தமே இல்லை.
என் தொழிலில் அமைதி கெட்ட சகுனம்.
"வந்துருச்சா?"
யாரும் பேசவில்லை.
கொஞ்சம் வலப்பக்கம் திருப்பப் போகிறேன்,
அப்போது புஷ்பகாந்தி:
"அடியே, அவ முத்தல கிள்ளுறா!"

அவ்வளவுதான்.
"கூடைக் கயிறு காதுல தொங்குது, தோடா அது?"
"உதட்டுச் சாயத்தோட பிரட்டுக்குப் போறா,
அவளுக்கு அரைப் பேருதான்."
"ஏனுங்கங்கிறான்! நம்ம பேச்சாம்!
கோயம்புத்தூர்ல தோட்டம் போட்டிருக்கான்போல."
அட்டை கடித்ததென்று அந்த நடிகை அலறினாளாம்,
மூன்று காம்பராவும் ஒரே குரலில்
"செருப்பக் கழட்டுடி முதல்ல!"

டிவிக்குள் பதிவுசெய்த சிரிப்பு ஒன்று
அவ்வப்போது பொங்கி அடங்குகிறது.
லயத்துச் சிரிப்பு வேறு இடத்தில் வருகிறது.
அரை மணி நேரமாகக் கேட்கிறேன்,
இரண்டும் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை.

டிஷ்ஷின் திருகாணி தேய்ந்துவிட்டது.
கையை எடுத்தால் படம் போய்விடும்.
மவுசாகலைப் பக்கமிருந்து மழை
வேலைக்குப் பிந்தியவன் மாதிரி ஓடி வருகிறது.
"இறங்கவா?" என்று கத்துகிறேன்.
"அடுத்தது பூமிநாதன் வர்றான்,
கொஞ்சம் பிடிச்சுக்க தம்பி!"

ஏணியைக் காணோம்.
பீலியில் விழுந்த பந்தை எடுக்க
ஜெயசீலி மகன் டிலக்ஷன்
ஆறாம் லயத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறான்.

சரி, நிற்கிறேன்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் என் அபிப்பிராயம்:
அந்த ஆள் மெலியாமலே இருந்திருக்கலாம்.
போன மாசத்திலிருந்தே
தகரம் அவ்வளவாக அதிரவில்லை.