இரண்டாம் தூண்

காலை ஆறரை. களப்பு இன்னும் எழும்பவில்லை.
நஸ்றுல்லாவின் வள்ளத்தில்
நான், சுத்தியல், டோர்ச், அளவுநாடா,
பொலித்தீன் உறைக்குள் படிவம்.
மூதூர் வீதியில் இந்த வருஷம்
என் பங்குக்கு வந்தவை பதினொன்று.
இது ஏழாவது.

மேலே நின்று பார்த்தால்
எல்லாப் பாலமும் நல்ல பிள்ளைதான்.
யாரோ பெரியவர் வந்த கிழமை
கைபிடிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்,
ஒரு பக்கத்துக்கு மட்டும்:
அவருடைய வாகனம் போன பக்கம்.

அடிக்கு வந்தால்தான் வாய் திறக்கும்.
சுத்தியலால் தட்டுகிறேன்.
டங்.
டங்.
டங்.
டொப்.
வத்தகப்பழம் வாங்குகிறவளைப் போல
காதைச் சாய்த்துத் திரும்பத் தட்டுகிறேன்.
டொப்.
உள்ளே கம்பி கறள்பிடித்து வீங்கி
கொங்கிரீட்டைப் பொருக்குப் போல் தள்ளியிருக்கிறது.
கைமுட்டியளவு ஒரு துண்டு
கேட்காமலே விழுந்தது தண்ணீருக்குள்.
"அல்லாஹ்வே" என்றார் நஸ்றுல்லா,
"கணக்கெடுக்க வந்து கழட்டுறீங்களா மிஸ்?"

மேலே பஸ் போகிறது.
விரிவிணைப்பு தடக்கு, தடக்கு என்கிறது,
மணல் என் தலையில் உதிர்கிறது.
நாற்பது ஐம்பது பேர், ஒரு சாக்கு வெங்காயம்,
சோதனைக்குப் போகும் பிள்ளைகள்
மூன்று செக்கனில் என் உச்சிக்கு மேலால்.
ஒருவரும் கீழே பார்த்திருக்க மாட்டார்கள்.
பார்க்காமல் போவதற்குத்தானே பாலம்.

படிவத்தில் ஒன்று முதல் ஐந்து வரை.
ஒன்றென்றால் புதிது. ஐந்தென்றால் மூடு.
எங்கள் கந்தோரில் ஐந்து போட்டவர்
தேவசகாயம் சேர் ஒருவர்தான்.
மறுகிழமை தொலைபேசி மணி, அடுத்த கிழமை இடமாற்றம்.
அன்றிலிருந்து எல்லோருடைய பேனாவும்
தானாகவே மூன்று எழுதுகிறது.
மூன்று: கவனிக்கப்பட வேண்டியது.
யாரால் என்பதற்குக் கட்டம் இல்லை.

நஸ்றுல்லா சவளைச் செங்குத்தாக இறக்குகிறார்
இரண்டாம் தூணின் காலடியில்.
சவள் முழுக்கப் போய்
மணிக்கட்டு போய், முழங்கை போய்
தோள் நனைந்த பிறகுதான் தட்டுப்படுகிறது.
"போன மாரிக்கு முன்னம் இவ்விடத்தில
இடுப்பளவில நின்று வலை கழுவின நான்.
கங்கை வந்து தோண்டிட்டு.
இப்ப கொடுவா குடியிருக்கு."

என் வரைபடத்தில் இந்த இடம் மண்.
வரைபடத்தைப் பார்க்கிறேன்,
அவருடைய ஈரத் தோளைப் பார்க்கிறேன்.
அளந்த கருவி? என்கிறது படிவம்.
சுழியோடிக்கு இந்த வருஷம் காசில்லை.
எழுதினேன்: ஒரு சவள், ஒரு கை.

முன்பு இங்கே பாதை ஓடியது.
பாதை என்றால் எங்கள் பக்கத்தில்
ஆளையும் லொறியையும் அக்கரை சேர்க்கும் மிதவை.
பொழுதுபட்டால் அதுவும் இல்லை.
கடைசிப் பாதையைத் தவறவிட்ட
ஒரு பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கி
நஸ்றுல்லா நிறுத்திக்கொண்டார்.
சவளிலிருந்து நீர் சொட்டி முடியும்வரை பேசவில்லை.
பிறகு: "மகள் கிழமைக்கு ரெண்டு தரம்
பெரியாஸ்பத்திரிக்குப் போறா, இரத்தம் கழுவ.
மூடச் சொல்லி மட்டும் எழுதிப் போடாதீங்க மிஸ்."

மூன்று பொய்.
ஐந்து அவருடைய மகள்.
நான்கு என்று போட்டேன்,
பேனா கொஞ்சம் முரண்டு பிடித்தது.
குறிப்பு: பார வாகனங்களை நிறுத்துக.
மாரிக்கு முன் இரண்டாம் தூணுக்குக் கல் கொட்டுக.
மாரிக்கு முன் என்பதன் அடியில் இரண்டு கோடு.
அந்த மணல் டிப்பர்கள்
யாருடைய மச்சானுடையவை என்று எனக்குத் தெரியும்.
என் கையெழுத்து அன்று
வழக்கத்தைவிடத் தெளிவாக விழுந்துவிட்டது.

பின்னேரம் திருகோணமலைக்குத் திரும்பும் பஸ்.
ஜன்னலோரம். ஈரச் செருப்பு.
முதலாம் தூண், தடக்கு.
இரண்டாம் தூண் வரும்போது
என்னையறியாமல் இரண்டு கால்களையும்
தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன்,
பாரம் குறையுமாம்.

பக்கத்து ஆசனத்துப் பையன் பார்த்தான்.
விளையாட்டென்று நினைத்து
அவனும் தூக்கினான்.