லாம்

கார்டிஃப் விரிகுடாவில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால்.
உள்ளே ஒரு சொல்லுக்காக
நாற்பது நிமிடமாக வாதம்.

கிராமத்துப் பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரை,
அவ்வளவுதான் மசோதா.
மன்றங்கள் கூரை அமைக்கலாம் என்கிறது ஏழாம் பிரிவு.
அமைக்க வேண்டும் என்று திருத்தச் சொல்கிறார்
நெரிஸ் ப்ரோதெரோ.
எதிர்வரிசை. கடைவாய்ப்பல் பிடுங்கி இரண்டு நாள்.
வலக்கன்னம் இன்னும் வடியவில்லை.

நான் அவைக்குறிப்பு எழுதுகிறவள்.
இழுவையையும் இருமலையும் களையலாம்,
பொருளைத் தொடக் கூடாது.
பதினோரு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.
யாராவது வேல்ஸ் மொழியில் எழுந்தால்
அரை நொடி பிந்தி என் காதில் லவரியின் குரல்.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து
அவர்கள் கோபத்தையும் மொழிபெயர்ப்பாள்,
கொஞ்சம் தண்ணீர் ஊற்றி.

அமைச்சர் தெக்வின் பரி எழுகிறார்.
'நோக்கத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.'
அடுத்து வரப்போகும் ஆனாலை
முன்பே தட்டிவைத்துவிட்டேன்.
இதுவரை ஒருமுறைகூட அழிக்க நேர்ந்ததில்லை.
ஒரு கூரைக்கு ஒன்பதாயிரம் பவுண்டு;
மன்றங்களின் கையைக் கட்டக் கூடாது;
காற்றடிக்கும் மேட்டில் கண்ணாடி நிற்காது.
பின்வரிசையில் ஒருவர்:
ஆடுகள்தான் ஒதுங்கப் போகின்றன.
சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
யார் சிரிக்கவில்லை என்று போட இடமில்லை.
மாடத்தில் பள்ளிச் சீருடையில் இருபது பேர்.
ஒரு பையன் கண்ணாடியில் மூச்சு விட்டு
ஆடு வரைகிறான்.

ப்ரோதெரோ ஒரு கடிதம் வாசிக்கிறார்.
திரெகாரனுக்கு வெளியே ஒரு நிறுத்தம்,
கம்பம் மட்டும்.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர்
ஆறு ஐம்பது வண்டிக்கு
ஆறரைக்கே வந்து நிற்கிறாராம்,
ஓட்டுநர் சிலநாள் முந்திவிடுவதால்.
பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்.
ஓட்டுநருக்குச் சங்கடமாகிவிடுமாம்.

இந்தக் கட்டடத்துக்கோ எவ்வளவு பெரிய கூரை!
மரத்தில் அலையலையாக
வெளியே படிக்கட்டுவரை நீண்டு.
அதில் விழும் மழையைச் சேர்த்துக்
கழிப்பறைகளுக்கு விடுகிறார்கள்.
குறை சொல்லவில்லை. நல்ல ஏற்பாடு.

ஆங்கிலத்தில் மே, மஸ்ட்.
வேல்ஸில் கைஃப், ஹ்ரைட்.
இரண்டிலும் தனித்தனிச் சொல்,
தனித்தனி நாற்காலி.
என் மொழியில் லாம் ஒரு வால்,
எந்த வினைக்குப் பின்னாலும் ஆடும்.
வேண்டும்தான் விசித்திரம்.
ஆணையிடுகிறவர் வாயிலும் அதுதான்,
கையேந்துகிறவர் வாயிலும் அதுதான்.
கூரை வேண்டும்.
யார் சொன்னது என்று பார்த்துத்தான்
பொருள் கொள்ள வேண்டும்.

மணி அடித்தது. வாக்கெடுப்பு.
ரயிலிலிருந்தே கைபேசியில் வாக்களிக்க முயன்ற ஒருவருக்கு
ஷ்ரூஸ்பரிக்கு இப்பால் சிக்னல் போனது.
இருபத்தேழு. இருபத்தேழு.
சமமானால் அவைத்தலைவரின் வாக்கு
திருத்தத்துக்கு எதிராக. விதி அப்படி,
அவர் மனம் எப்படியோ.
ஏழாம் பிரிவு லாமோடு பிழைத்தது.
அடுத்த பொருள்: சிப்பி வளர்ப்பு உரிமம்.

இரவு எட்டு மணிக்குச் சரிபார்க்கையில் கண்டேன்,
ப்ரோதெரோவின் கடைசி வாக்கியம்.
வீங்கிய வாயோ, களைப்போ,
'மன்றங்கள் கூரை அமைக்கலாம்,
அதைத்தான் இந்த அவையிடம் கேட்கிறேன்.'
ஒலிப்பதிவை நான்கு முறை கேட்டேன்.
லாம்தான்.
யாரும் கவனிக்கவில்லை, அமைச்சர்கூட.
தன் திருத்தத்தை எதிர்த்துத் தானே பேசியதாக
நாளை காலை முதல் அச்சில் நிற்பார்.
வாய்தவறல் என்று அவர் சொன்னால் மாற்ற இடமுண்டு.
எழுதிக் கேட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில்:
'சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.
தோற்ற பிறகு திருத்தினால் அழகில்லை.
பேருந்தில் இருக்கிறேன், குலுங்குகிறது,
எழுத்துப்பிழை பொறுக்கவும்.
அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவரலாம்.'

கடைசிச் சொல்
வாய்தவறலா என்று நான் கேட்கவில்லை.