வெட்ட ஒன்றுமில்லை

முனிர்க்கா குடியிருப்பின் பின்சுவரில்
ஆணியில் தொங்கும் ஒரு கண்ணாடி,
ஒரு கால் குட்டையான நாற்காலி.
இர்ஷாத்தின் கடை அவ்வளவுதான்.
வாரம் இரண்டு முறை போகிறேன்.
என் தலையில் முடி இல்லை.
காதோரம் இரண்டு கீற்று, பிடரியில் கொஞ்சம்,
மார்ச் கடைசியில் செலவாகாமல் கிடக்கும்
அரசாங்கப் பணம் மாதிரி.

தேன்மொழி போய்ப் பதினோரு மாதம்.
லோதி ரோடு மயானத்தில்
அலுவலகத்தார் வரிசையாக வந்து கைகூப்பினார்கள்.
எதிர்வீட்டு சிக்கா மட்டும்
ஓடிவந்து இறுகக் கட்டிக்கொண்டார்.
கட்டை போல நின்றேன்.
என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை.
மகளை டொராண்டோவுக்கு அனுப்பிய இரவுகூட
அவள் பெட்டியின் கைப்பிடியைத்தான்
கடைசிவரை விடாமல் பிடித்திருந்தேன்.

அவளும் நானும்கூட அப்படித்தான்.
நாலுபேர் எதிரில் விரல் நுனி படாது.
விளக்கணைந்த பிறகு
அவள் பாதம் தேடிவந்து என் கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும்.
தில்லி சனவரியின் சில்லிட்ட பாதம்.
"ஐயோ, ஐஸ்கட்டி" என்று
முப்பத்தோரு குளிர்காலம் முணுமுணுத்தேன்.
இப்போது ரஜாய்க்குள் என் கால்
விடியவிடியச் சூடாகவே இருக்கிறது.
அந்தச் சூட்டை என்ன செய்ய?

ஒரு நாளில் யார் யார் தொடுகிறார்கள் என்று
கணக்குப் பார்த்தேன். தொழில் புத்தி.
பால் பூத்துக்காரர் சில்லறையை மேடைமேல் வைக்கிறார்.
டாக்டர் முன்பு நாடி பிடிப்பார்,
அதற்கும் இப்போது விரலில் கவ்வும் கருவி.
மெட்ரோவில் ஒருவர் தோள் இடிக்கிறது,
அதை வரவில் எழுதலாமா?
எழுதினேன்.

அதனால்தான் இர்ஷாத்.
இங்கே தொடுவதற்கு விலை உண்டு,
சவரத்துக்கு நாற்பது, தலை பிடித்துவிட ஐம்பது.
விலை இருப்பது சௌகரியம்.
என் கைகள் எங்கே என்று யாரும் தேடுவதில்லை,
வெள்ளைத் துணிக்குள் அவை பாட்டுக்குக் கிடக்கும்.
செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் யாரும் முடி வெட்டுவதில்லை.
அன்றைக்கும் அந்தப் பக்கம்தான் நடக்கப் போவேன்.
நாற்காலி வேப்பமரத்தோடு சங்கிலியில் கட்டிக் கிடக்கும்.

அம்ரோகாக்காரன், அதிகம் பேசமாட்டான்.
டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்தி
உள்ளங்கை சூடேறிய பிறகுதான் என் தலையில் வைப்பான்.
நான் கேட்டதில்லை இதை.
நெற்றிப்பொட்டு, புருவமேடு, காதின் பின்பள்ளம்,
டவுன்பஸ் மாதிரி எல்லா நிறுத்தத்திலும் நின்று
நகரும் கட்டைவிரல்.

போன ஞாயிறு அது பிடரிக்கு மேலே நின்றுவிட்டது.
"இங்கே ஒரு குழி இருக்கே, சாப்?"

தொண்ணூற்றாறில், மோதிபாக் வளைவில்,
மழைச்சேற்றில் ஸ்கூட்டர் சறுக்கி
ஏழு தையல்.
கண்ணாடிக்குத் தெரியாத இடம். மகளுக்கும் தெரியாது.
எண்ணெய் தேய்க்கும் நாட்களில்
தேன்மொழியின் சுண்டுவிரல் அங்கே வந்து உட்காரும்.
"எண்ணெயைத் தேக்கிவைக்க வாகா இருக்கு" என்பாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
வந்தது பதில் இல்லை.

இர்ஷாத் வெந்நீர்த் துண்டைப் பிழிந்து
என் முகத்தின் மேல் போட்டான்.
அன்று சவரம் இல்லை, துண்டுக்கு வேலையே இல்லை.
அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றான்.
துண்டு ஆறிப்போனது.
கைகள் ஆறவில்லை.
"உட்காருங்க, இன்னும் நேரமாகும்" என்று
காத்திருந்த யாரிடமோ சொன்னது
துணிக்கு அப்பாலிருந்து கேட்டது.

எழுந்து நூறு ரூபாயை நீட்டினேன்.
மீதி ஐம்பதை எண்ணிக் கொடுத்தான்,
வழக்கம்போல.
அதற்குத்தான் அவனுக்கு அதிகம் கடன்பட்டேன்.

"அடுத்து எப்ப வரட்டும்?"

தலையைச் சாய்த்து, வேலைக்காரனின் அக்கறையோடு
என் வழுக்கையைச் சுற்றிலும் பார்த்தான்.

"வளர்ந்திடும் சாப்.
புதன்கிழமை வாங்க."