குற்றியலுகரம்

ராக்கியாபாளையம் அயர்ன் மேசையில் நின்று
ஒன்றரை வருசம் ரஷ்யன் படித்தேன்.
காதுக்குள் வானிலை அறிக்கை:
சமாராவில் பனி, மைனஸ் இருபத்திரண்டு.
நீராவிக்குள் ‘ஸ்னேக், ஸ்னேக்’ என்றால்
பீஸ் எண்ணும் செங்கோட்டுவேல்
“யாரோடங்க சினேகம்?” என்பான்.

ஓர் எழுத்து மட்டும் வரவேயில்லை.
உ இல்லை, இ இல்லை,
நடுவில் எங்கேயோ.
பேக்கரிக்காரர் ஒருநாள்
“பாக்கி பத்து” என்றார்.
உதடு குவியாத அந்தக் கடைசி உகரம்.
அட, இதேதான்!
சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

நேற்று லுத்மிலா போனில்.
லேபிள், சாயம், மகளின் பல்வலி,
எதிலும் திக்கவில்லை.
“உங்க ஊர்ல இப்ப எப்படி?” என்றாள்.

பனிக்கு ஒன்பது சொல் இருந்தது.
வேர்வைக்கு ஒன்றுகூட இல்லை.
முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
பனி இல்லை என்றேன்,
அவள் மொழியிலேயே:

“ஸ்னேகா நியெத்துங்க.”